பேண்டைக் கலைக்கும் முடிவை நிறுத்தி வையுங்கள்: என் பழைய பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி முதல்வர் அவர்களுக்கும், பள்ளி ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும், முன்னாள் மாணவர் சங்கச் செயற்குழுவினருக்கும்,

வரும் ஜனவரியிலிருந்து அணிவகுப்பு பேண்டுக்கு உயர்நிலை ஒன்று மாணவர்களைச் சேர்க்கப்போவதில்லை என்று பெற்றோருக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். இப்போது பேண்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைப்பீர்களாம். தேறியவர்களை வைத்துச் சின்னதாக ஒரு விண்ட் என்செம்பிள், அதாவது உட்கார்ந்து வாசிக்கும் ஊதுகருவிக் குழு, அமைப்பீர்களாம். தேறாதவர்கள் வேறு இணைப்பாட நடவடிக்கைக்கு மாறிக்கொள்ள வேண்டுமாம். டிரம்கள் இருக்கும் அறை மின்னிலக்கப் பயிலகமாக மாறும், பயன்படாத கருவிகளும் சீருடைகளும் அப்புறப்படுத்தப்படும் என்று கடைசி வரியில் இருக்கிறது. எல்லாம் சேர்த்து ஒரே பக்கம். இத்தனை வருடம் அந்த பேண்டில் உழைத்தவர்களுக்கு ஒரு நன்றிகூட அந்தப் பக்கத்தில் இல்லை.

உங்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். என் கருத்து பதிவு செய்யப்பட்டது என்று பதில் வந்தது. சரி, பதிவு செய்தீர்கள், அப்புறம்? அதற்கு மேல் ஒன்றும் வராததால் இதை எல்லாரும் படிக்கும்படி தமிழில் எழுதுகிறேன். குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். பேண்டில் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

நான் எண்பதுகளில் உங்கள் பள்ளியில் படித்தவள். படித்த வருடமெல்லாம் பேண்டில் பேஸ் டிரம் அடித்தேன். பள்ளி முடித்துத் தாதிமைப் பயிற்சிக்குப் போனேன். இன்றுவரை தாதியாகத்தான் வேலை பார்க்கிறேன். இசை எனக்குத் தொழில் இல்லை. என்னோடு வாசித்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் இல்லை. அதனால்தான் இந்த மடலை நான் எழுதுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

முதலில், பள்ளிக்கூடங்களுக்கு பேண்டு எதற்காக வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சுற்றறிக்கையை எழுதியவர் அதை யோசித்த மாதிரி தெரியவில்லை. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து தனியாகப் பிரிந்தபோது நமக்கென்று பெரிய ராணுவம்கூட இல்லை. அந்த நேரத்தில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ பள்ளிகளில் பேண்டு குழுக்கள் வேண்டும் என்றார். அவர் கணக்கு இசை மேதைகளைப் பற்றியது இல்லை. சீனப் பள்ளி, மலாய்ப் பள்ளி, தமிழ்ப் பள்ளி, ஆங்கிலப் பள்ளி என்று பிள்ளைகள் தனித்தனியாகப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. சேர்ந்து ஒரு காரியம் செய்யவும் கட்டொழுங்கோடு நிற்கவும் அவர்கள் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். 1966இல் பாடாங் திடலில் முதல் தேசிய தின அணிவகுப்பு நடந்தது. 1967இல் சிங்கப்பூர் இளையர் விழா தொடங்கியது. 1968 தேசிய தினத்தன்று கொட்டுகிற மழையில் பள்ளிப் பிள்ளைகள் நனைந்துகொண்டே அணிவகுத்ததை என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளில் யாரும் வீட்டில் ஆசிரியர் வைத்து டிரம்பெட் கற்றுக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். ஒன்றும் தெரியாத பிள்ளையை எடுத்து வரிசையில் நிற்கவைத்து நடக்கவும் வாசிக்கவும் கற்றுக்கொடுப்பதுதான் பள்ளி பேண்டு. எங்கள் காலத்திலும் அப்படித்தான் இருந்தது. இந்த ஆண்டுவரை உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் இருந்தது.

நான் சேர்ந்த கதை இதுதான். உயர்நிலை ஒன்றில் வழக்கநிலை வகுப்பு, அதாவது மதிப்பெண் குறைந்தவர்களுக்கான பிரிவு. அப்போதெல்லாம் பள்ளிக்கூடம் இரண்டு வேளை நடக்கும். எங்களுக்கு மதிய வேளை. நெட்பால் குழுவுக்குப் போனேன், ஓட முடியவில்லை. நாடகக் குழுவில் என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு அடுத்த வருடம் வரச் சொன்னார்கள். பேண்டு அறைக்கு வெளியே, ராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர் ஒருவர் நின்றிருந்தார். எல்லாருக்கும் அவர் சிக்குதான்; மலாயில் ஆசிரியர் என்று பொருள். என் தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பேஸ் டிரம்மைத் தூக்கி வாரோடு கழுத்தில் மாட்டிவிட்டு நடக்கச் சொன்னார். நடந்தேன். விழவில்லை. அவ்வளவுதான் என் நுழைவுத் தேர்வு.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “மேளம் அடிக்கவா உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன்?” என்று கேட்டார். கிளாரினெட் என்று சொல்லியிருந்தால் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியிருப்பார். தோல் கருவி, அதுவும் பொம்பளைப் பிள்ளை கையில் என்றதும் நம் வீடுகளில் வருகிற முகச்சுளிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இது பிளாஸ்டிக் தோல்தான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. துறைமுகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து படுத்திருந்த அப்பாதான், கண்ணைத் திறக்காமலே, “அடிக்கட்டும் விடு” என்றார்.

பேஸ் டிரம்மை மாட்டிக்கொண்டால் முன்னால் ஒன்றும் தெரியாது. தரை தெரியாது, சொந்தக் கால் தெரியாது. வரிசை நேராக இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் மட்டுமே பார்க்கலாம். கட்டளைகள் மலாயில் வரும். “செடியா” என்றால் விறைப்பாக நிற்க வேண்டும். “செப்பாட் ஜாலான்” என்றால் இடது கால். அந்த இடது கால் விழும்போது என் வலது கையும் விழ வேண்டும். மொத்த பேண்டும் அந்த அடியில்தான் கால் வைக்கிறது. வேக நடைக்கு நிமிடத்துக்கு 116 முதல் 120 அடி. பாட்டு முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாக அடுத்தடுத்து இரண்டு அடி கொடுப்பதும் பேஸ் டிரம்தான். கொடுக்க மறந்தால் பாதிப் பேர் நிறுத்துவார்கள், பாதிப் பேர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். எந்த வேலையும் நம்பிக் கொடுக்கப்படாத ஒரு பிள்ளையிடம் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று ஆசிரியர்களான உங்களுக்குத் தெரியாதா?

அந்த வேலையில் கஷ்டமானது அடிப்பது இல்லை, வேகம் கூடாமல் இருப்பது. கூட்டத்தைப் பார்த்ததும் டிரம்பெட்காரர்கள் பறப்பார்கள். சைடு டிரம் அவர்களோடு ஓடப் பார்க்கும். எல்லாருக்கும் நெஞ்சு படபடக்கும், அந்தப் படபடப்பின் வேகத்தில் வாசிக்கத் தோன்றும். பேஸ் டிரம் மட்டும் ஓடக்கூடாது. நடு வரிசையில் நின்று, ஓடுகிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல், திட்டாமல், வெறும் அடியால். இதற்காக சிக்கு என்னை மழைக்கால டிசம்பர் முழுக்க, பேண்டு அறைக்கு வெளியே உள்ள நடைபாதையில் தனியாக நடக்கவிட்டார். கையில் குச்சி மட்டும். அவர் சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து கோப்பி குடிப்பார். நிமிடம் முடிந்ததும் எத்தனை அடி என்று கேட்பார்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கில் பல பள்ளிகளின் பேண்டுகள் சேர்ந்து நின்றால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் 50 மீட்டர் சுலபமாக வந்துவிடும். முன்னால் விழுந்த அடி பின்னால் நிற்பவர் காதுக்குப் போவதற்குள் விநாடியில் ஏழில் ஒரு பங்கு ஓடிவிடும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்குக் கிடைப்பதே அரை விநாடி. காதை நம்பி நடந்தால் வரிசை கலைந்துவிடும். முன்னால் நின்று பேண்டை நடத்தும் டிரம் மேஜர் கையில் இருக்கும் மேஸ் என்ற கோலைத்தான் பார்க்க வேண்டும். ‘கேட்பதை நம்பாதே, முன்னால் இருப்பதைப் பார்’ என்பார் சிக்கு. என் வகுப்பில் யாருக்கும் அப்போது இயற்பியல் பாடம்கூடக் கிடையாது. வழக்கநிலை வகுப்புக்கு அறிவியல் அவ்வளவுதான்.

இதெல்லாம் பழம்பெருமை என்று நீங்கள் ஒதுக்கலாம். அதனால் மருத்துவமனைக்கு வருகிறேன்.

இதயம் நின்றுபோன ஒருவருக்கு சிபிஆர் செய்யும்போது நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். குறைந்தால் மூளைக்குப் போதிய ரத்தம் போகாது. கூடினால் இரண்டு அழுத்தலுக்கு நடுவே இதயத்தில் ரத்தம் நிரம்ப நேரம் இருக்காது. புதிதாக வந்தவர்கள் பயத்தில் வேகமாகப் போவார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவு நேரத்தில், வார்டில் ஒரு பெரியவருக்கு இதயம் நின்றபோது கட்டில்மேல் ஏறினேன். சுற்றிலும் சத்தம். ஒருவர் மருந்து கேட்கிறார், ஒருவர் திரையை இழுக்கிறார், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அழுகிறார். என் கை மட்டும் பழைய நடைக்குப் போய்விட்டது. இடது, வலது, இடது, வலது. எல்லாரும் ஓடுகிற இடத்தில் ஓடாமல் இருக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது தாதிமைப் பள்ளி இல்லை. அது உங்கள் பள்ளியின் நடைபாதை.

இப்போது நானே புதிய தாதிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பயிற்சிப் பொம்மைமேல் கை வைக்க உடனே விடமாட்டேன். முதலில் நின்ற இடத்திலேயே நடக்கச் சொல்வேன். சிரிப்பார்கள். கைப்பேசியில் தாளம் காட்டும் செயலி இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், நட என்பேன். கால் பழகிய வேகத்தைக் கை மறக்காது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மாறுகிற அந்த நொடியில் தாளம் விட்டுப்போகக் கூடாது. எங்கள் நடைக்குள்ளேயே டிரம்மர்கள் ஆள் மாறுவோம், அடி நிற்காது. அதையேதான் செய்யவைக்கிறேன். 2003இல் சார்ஸ் தொற்று வந்தபோது ஒருவர் முகக்கவசத்தை இன்னொருவர் சரிபார்க்காமல் யாரும் வார்டுக்குள் போகக்கூடாது என்றார்கள். புதியவர்கள் கூச்சப்பட்டார்கள். அணிவகுப்புக்கு முன்னால் பக்கத்தில் நிற்பவள் காலரையும் பொத்தானையும் தொப்பியையும் சரிபார்த்துப் பழகியவளுக்கு என்ன கூச்சம்?

என்னோடு வாசித்தவர்கள் எல்லாரும் தாதி ஆகவில்லை. டிரம் மேஜராக இருந்த சீனப் பையன் இப்போது பேருந்து ஓட்டுகிறார். விரைவுநிலை வகுப்பிலிருந்து வந்து யூஃபோனியம் வாசித்தவள் வழக்கறிஞர். சிம்பல்ஸ் என்ற இரட்டை உலோகத் தட்டு அடித்த மலாய்த் தோழி பாலர் பள்ளி ஆசிரியை. சிக்கு காலமான செய்தி ஒரு காலை நேரத்தில் வந்தது. அன்று மதியமே சுவா சூ காங்கில் நல்லடக்கம். வேலையிலிருந்து அவசர விடுப்பு எடுத்துக்கொண்டு எத்தனை பேர் வந்து நின்றார்கள் என்பதைப் பார்த்தவர்கள் யாரும் அந்தச் சுற்றறிக்கையை எழுதியிருக்க மாட்டார்கள்.

2024இல் கல்வி அமைச்சு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளை எடுத்துவிட்டது. எல்லா நிலைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் கலந்து உட்கார வேண்டும் என்பது இப்போது கொள்கை. நல்லது, எங்களுக்கு அது கிடைக்கவில்லை. வகுப்பில் கிடைக்காதது பேண்டு அறையில் கிடைத்தது. விரைவுநிலைப் பிள்ளை என் வாரை இறுக்கிக் கட்டிவிடும்; அதன் ஷூவுக்கு நான் பாலிஷ் போட்டுக் கொடுப்பேன். நாடே இப்போது அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது, கலந்து நிற்கவைத்த அறையை மூடிவிட்டு, பொறுக்கி எடுத்த சில பேருக்கு மட்டும் ஒரு குழு வைக்கிறீர்கள். இதில் என்ன நியாயம்?

அந்தத் தேர்வைப் பற்றி நான் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். என் பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் பள்ளியில் உயர்நிலை இரண்டு. பேசவே மாட்டான். மின்தூக்கியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான். போன வருடம் பேண்டில் சேர்ந்து சிம்பல்ஸ் பிடித்த பிறகுதான் “ஆன்ட்டி” என்று கூப்பிட ஆரம்பித்தான். நான் டிரம் அடித்தவள் என்று தெரிந்ததும், புளோக்குக்குக் கீழே உள்ள வெற்றுத் தளத்தில், மடக்கிய செய்தித்தாள் இரண்டை வைத்துக்கொண்டு எப்படி மோத வேண்டும் என்று எனக்கே காட்டினான். நேராக மோதக்கூடாது, கொஞ்சம் சாய்த்து உரச வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் காற்று அடைத்துச் சத்தமே வராது என்றான். எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் தெரியாத மாதிரிக் கேட்டுக்கொண்டேன்.

அவனைத் தேர்வில் உட்காரவைத்து, அதுவரை பார்த்திராத ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். “நான் சிம்பல்ஸ்தானே ஆன்ட்டி அடிச்சேன், எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான். தேறவில்லை. அப்புறம் யார் தேறியிருப்பார்கள் என்று யோசித்தால் போதும். திறமையைப் பார்த்து உயர்நிலைப் பள்ளியில் இடம் கொடுக்கும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்காகத் தொடக்கப் பள்ளியிலிருந்தே தனி வகுப்புக்குப் போனவர்கள், வீட்டில் சொந்தமாகக் கருவி வைத்திருப்பவர்கள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நன்றாக வாசிக்கட்டும். ஆனால் அவர்களுக்கு இந்த ஊரில் வாசிக்க இடம் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. சிம்பல்ஸ் பையனுக்கு உங்கள் பேண்டு அறையைத் தவிர வேறு எந்த அறை இருந்தது? ஒன்றும் தெரியாமல் வருகிறவர்களைச் சேர்த்துக்கொண்ட ஒரே இடத்தை மூடிவிட்டு, ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு இன்னொரு இடம் திறக்கிறீர்கள். என் குறை முழுக்க இதுதான். மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான்.

சுற்றறிக்கையில் காரணங்களும் கொடுத்திருக்கிறீர்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்கிறீர்கள். உண்மை. 2023இல் நாட்டின் கருவள விகிதம் 0.97க்கு இறங்கியது, பள்ளிகள் இணைவதை நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பேண்டைச் சின்னதாக்கலாமே? முப்பது பேர் ஒழுங்காக நடந்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, இருக்கிறவர்களிலும் பாதிப் பேரைத் தேர்வு வைத்து வெளியே அனுப்புவது எனக்குப் புரியவில்லை.

வெயில் என்கிறீர்கள். இதை மறுக்க மாட்டேன், நான் தாதி. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983இல் பதிவான உச்சத்தைத் தொட்ட வெப்பம் அது. அந்த வெயிலில் கனமான சீருடையோடு பிள்ளைகளை நிறுத்துங்கள் என்று யார் சொல்வார்கள்? காலையில் சீக்கிரம் பழகலாம். மாலையில் பழகலாம். உங்களிடம் கூரை போட்ட உள்விளையாட்டு மண்டபம் இருக்கிறது. எங்களுக்கு அது கிடையாது. சீருடையை மெல்லிய துணியில் தைக்கலாம்.

சத்தம் என்கிறீர்கள். எதிர்ப்பக்கம் புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள் வந்த பிறகு புகார்கள் வருகின்றன என்கிறீர்கள். எத்தனை புகார், எந்த நேரத்தில், எந்த நாளில் என்று சொல்லவில்லை. இந்த ஊரில் மேளச் சத்தம் என்றால் நம்மவர்களுக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வரும். தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973இல் கட்டுப்பாடு வந்தது. வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது 2016இல். நான் எண்பதுகளில், சீனப் புத்தாண்டையொட்டி நடக்கும் சிங்கே ஊர்வலத்தில், ஆர்ச்சர்ட் சாலையில், போலீஸ் வழிவிட, பேஸ் டிரம் அடித்துக்கொண்டு நடந்தபோது என் மாமா கேட்டார்: “இந்தச் சத்தம் மட்டும் அவங்க காதுக்கு இனிக்குதா?” அது வேறு வழக்கு, இங்கே இழுக்கவில்லை. சத்தத்துக்கு நேரம் குறித்து, இடம் குறித்து, பேசித் தீர்க்கலாம் என்று அந்தக் கதையிலேயே கடைசியில் தெரிந்தது. அதை மட்டும் சொல்கிறேன். ரப்பர் அட்டையில் டிரம் பழகலாம். ஒரே ஒரு சைடு டிரம்மின் ஓரத்தைத் தட்டி மொத்தப் பேரையும் நடக்கவைக்கலாம். எங்கள் பயிற்சியில் பெரும்பகுதி அப்படித்தான் நடந்தது. குடியிருப்பாளர்களை ஒரு சனிக்கிழமை உள்ளே கூப்பிட்டுப் பிள்ளைகளைக் காட்டினீர்களா? அவர்களில் பாதிப் பேர் பேரப்பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியாக, பள்ளியின் இசைத் தரம் உயர வேண்டும் என்கிறீர்கள். இளையர் விழாவில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்ததை 2013இல் அமைச்சே நிறுத்திவிட்டுச் சான்றிதழ்களுக்கு மாறியது. பதக்கத்துக்காகப் பிள்ளைகளைப் போட்டு வாட்டுவது குறைய வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். மேலே இருப்பவர்கள் விட்டுவிட்டதை நீங்கள் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு விருந்துக்கு மேசை விற்க எங்களைத் தேடி வருகிறீர்கள். பள்ளியின் பெயரில் நடைபெறும் கோல்ஃப் போட்டிக்கு நன்கொடை கேட்டுத் தவறாமல் கடிதம் வருகிறது. பேண்டைக் கலைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் எங்களில் ஒருவரையும் நீங்கள் கூப்பிடவில்லை. நிர்வாகம் உங்களிடம் கேட்டதா, கேட்டிருந்தால் என்ன சொன்னீர்கள் என்று உறுப்பினர்களுக்கு எழுதுங்கள்.

இப்போது நான் கேட்பவை.

சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். ரத்து செய்யச் சொல்லவில்லை. பேண்டுப் பிள்ளைகள், அவர்கள் பெற்றோர், முன்னாள் உறுப்பினர்கள் ஆகிய மூன்று தரப்போடும் உட்கார்ந்து பேசும்வரை அதைச் செயல்படுத்தாதீர்கள். பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்; பெரியவர்களை மட்டும் வைத்துப் பேசி முடித்துவிடாதீர்கள்.

ஜனவரியில் உயர்நிலை ஒன்றிலிருந்து பேண்டுக்கு ஆள் சேருங்கள். தேர்வு இல்லாமல். இருபது பேர் வந்தாலும் போதும். தேர்வில் தேறவில்லை என்று வெளியே அனுப்பிய பிள்ளைகளை, அவர்களுக்கு விருப்பம் இருந்தால், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். விண்ட் என்செம்பிளும் நடக்கட்டும். இரண்டும் ஒரே பள்ளியில் இருக்க முடியாது என்று எந்த விதியும் இல்லை.

டிரம் அறையில் இருக்கும் எதையும் இந்தப் பேச்சு முடியும்வரை வெளியே எடுக்காதீர்கள். பழைய பேஸ் டிரம் சட்டம் வளைந்திருக்கலாம், சூசஃபோன் என்ற பெரிய ஊதுகருவியில் பள்ளம் இருக்கலாம், பழுதுபார்க்க முடியும். எங்களில் சிலர் அந்தச் செலவை ஏற்கத் தயாராக இருக்கிறோம் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் வருகைப் பதிவேடுகளும் புகைப்படங்களும் பழைய பொருள் வாங்கும் காராங் கூனிக்காரரிடம் போய்விடக் கூடாது. உங்களுக்கு வேண்டாம் என்றால் எங்களிடம் கொடுங்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம்.

சத்தத்தைப் பற்றி வந்த புகார்கள் எத்தனை, எந்த நேரத்துப் பயிற்சியைப் பற்றி என்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவர்கள் பெயர் வேண்டாம். பயிற்சி நேரத்தை எப்படி மாற்றலாம் என்று குடியிருப்பாளர்களோடு பேச ஆள் வேண்டுமானால் நாங்கள் வருகிறோம். சனிக்கிழமை காலைகளில் அணிநடை சொல்லிக்கொடுக்கவும் வருகிறோம். பேருந்து ஓட்டும் டிரம் மேஜர் தன் வேலை அட்டவணையை இப்போதே மாற்றிக் கேட்டுவிட்டார்.

இந்த மாத முடிவுக்குள் ஒரு தேதி கொடுங்கள். வார நாளில் மாலை என்றால் எல்லாராலும் வர முடியும். என் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் ஆங்கிலக் கடிதத்தில் உங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் முன்னாள் பேஸ் டிரம் மாணவி